விதைத்த நாளை எழுதி வைத்த ஜனாதிபதி

வீட்டுத் தோட்டம் போடத் தொடங்கியிருக்கிறீர்களா? விதைப் பாக்கெட்டைப் பிரிக்கும் முன் ஒரு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதியான தாமஸ் ஜெபர்சன், 1766-ல், 22 வயதில் அப்படி ஒன்றைத் தொடங்கினார். அதில் முதல் குறிப்பு, ஒரு ஹயசிந்த் செடி பூக்கத் தொடங்கிய செய்திதான். இடையிடையே விட்டுப்போனாலும், 1824 வரை எழுதினார்.

வர்ஜீனியாவில் மான்டிசெல்லோ என்ற குன்றின் உச்சியில் அவர் வீடு. நமக்கு ஆடிப்பட்டம் போல, அங்குள்ளவர்களுக்கு வசந்த காலத்தின் கடைசி உறைபனி நாள்தான் கணக்கு. அதற்கு முன் தக்காளி நாற்றை வெளியே நட்டால் ஒரே இரவில் கருகிவிடும். பனி முடியட்டும் என்று காத்திருந்து விதைத்தாலோ காய்ப்பு தள்ளிப்போகும். அதனால் அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். தக்காளிக்கு 6 முதல் 8 வாரம் முன்பும், வெள்ளரி, பூசணிக்கு 3, 4 வாரம் முன்பும் வீட்டுக்குள் விதைத்து நாற்று வளர்ப்பார்கள். அதைவிட முன்னதாகப் போட்டால் வெளிச்சம் போதாமல் நாற்று நெட்டையாக வளர்ந்து சாய்ந்துவிடும். புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான் ஏமாறுகிறார்கள். கேரட், முள்ளங்கிக்கு இந்த வேலையே வேண்டாம். நேராக மண்ணில் போடலாம்.

அந்தக் காலத்தில் மின்விளக்கு ஏது? பச்சைக் குதிரைச் சாணத்தைக் குவித்து, அது மக்கும்போது எழும் சூட்டின் மேல் மண் பரப்பி, கண்ணாடிச் சட்டத்தால் மூடி நாற்று எழுப்பினார்கள். மாதவாரியாக இதையெல்லாம் விளக்கி பெர்னார்டு மக்மேஹன் 1806-ல் வெளியிட்ட தோட்ட நூல் ஜெபர்சனுக்கு வழிகாட்டியானது. விதைகளையும் மக்மேஹனிடமிருந்து பெற்றார்.

ஜனாதிபதியாக இருந்த 8 ஆண்டுகளிலும் வாஷிங்டன் சந்தைக்கு 37 வகைக் காய்கறிகள் எப்போது முதலில் வந்தன, எப்போது நின்றன என்று பட்டியல் போட்டவர் அவர். 1809-ல் பதவி முடிந்து ஊர் திரும்பியதும் முழு மூச்சாகத் தோட்டத்தில் இறங்கினார். 1,000 அடி நீளத் தோட்டம். தென்கிழக்கு நோக்கிய சரிவு, வெயிலில் சூடேறும் கல் சுவர். இத்தனை இருந்தும், அந்த ஆண்டுக் குறிப்புகளில் முளைக்கவில்லை, வீணாயிற்று என்ற பதிவுகள் நிறைய. அவற்றை அவர் மறைக்கவில்லை. உங்கள் நோட்டிலும் முளைக்காத விதைக்கு ஒரு வரி ஒதுக்குங்கள்; அடுத்த ஆண்டு உதவப்போவது அதுதான்.

லெட்டூஸ் கீரையை மொத்தமாக விதைக்க மாட்டார். தைக்கும்போது விரலில் மாட்டும் சிறு உலோக மூடியின் அளவு விதையை, பிப்ரவரி முதல் செப்டம்பர் தொடக்கம் வரை திங்கள்தோறும் விதைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கீரை விடாமல் கிடைக்கும். பட்டாணி என்றால் உயிர். முதல் பட்டாணி யாருக்கு என்று அக்கம்பக்கத்தாருடன் ஆண்டுதோறும் போட்டி. வென்றவர் விருந்து வைக்க வேண்டும். ஒரு முறை முந்திக்கொண்டும், வழக்கமாக வெல்லும் நண்பரின் மகிழ்ச்சி கெடக்கூடாதென்று வாய் திறக்கவில்லையாம்.

தேதி எழுதியது அவர் கை. மலைச்சரிவை வெட்டித் தோட்டமாக்கியவர்கள் அடிமைகள். வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தவர் ஜெபர்சன். தோட்டத்தைக் கவனித்த வொர்ம்லி ஹியூஸும் அடிமைதான். 1826 ஜூலை 4-ல் ஜெபர்சன் இறந்தபோது குழி தோண்டியதும் அவரே. லட்சம் டாலரைத் தாண்டிய கடனுக்காக மறு ஆண்டு ஜனவரியில் ஏலம் நடந்தது. ஹியூஸின் மனைவியும் பிள்ளைகளும் அதில் விற்கப்பட்டார்கள்.

தோட்டம் புதர் மண்டிப்போனது. 1979-ல் அகழாய்வு தொடங்கியது. எந்தப் பாத்தியில் எது இருந்தது என்று அறிய, மண்ணோடு சேர்த்து அந்தப் பழைய நோட்டையும் புரட்டினார்கள்.