ஜெபர்சனின் மேசையில் இரு செம்மதுக்கள்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் வாழ்வோர்க்கு ஓர் உண்மை புதிதன்று. மலைநாட்டுத் தேயிலைக்கு மணம் மிகுதி; நம் தாழ்நிலத் தேயிலைக்குச் சாயம் மிகுதி. எது உயர்ந்தது என்பதைக் கொழும்பில் சுவைத்துப் பார்ப்பவரின் நா தீர்மானிக்கிறது. அத்தீர்மானம் விலையாகிறது, விலை, கொழுந்து கொய்தவளின் அடுப்புவரை வந்து சேர்கிறது, அல்லது சேராமற் போகிறது. சுவைக்கும் உழைப்பவரின் உணவுக்கும் உள்ள இத்தொடர்பைத் திராட்சை மதுவில் கண்டறிந்தவர் ஒருவர் உளர். அவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மூன்றாம் ஜனாதிபதி தோமஸ் ஜெபர்சன்.

1743 ஏப்ரல் 13இல் வர்ஜீனியாவில், பெருந்தோட்ட உரிமையாளர் ஒருவரின் மைந்தராக அவர் பிறந்தார். பதினான்கு வயதில் தந்தையை இழந்தார், சட்டம் பயின்றார், 1776இல் சுதந்திரப் பிரகடனத்தை வரைந்தார். இவை பாடநூல்கள் கூறுவன. 1784இல் பிரான்சுக்குச் சென்று அடுத்த ஆண்டே அங்குத் தம் நாட்டின் தூதரானமையும் பலர் அறிந்ததே. 1787இல் அவர் மேற்கொண்ட பயணமே ஈண்டு நமக்கு வேண்டுவது.

முறிந்த மணிக்கட்டுக்கு மருந்து நீராடல் என்பது அப்பயணத்துக்குச் சொல்லப்பட்ட காரணம். ஆனால் வழிநெடுக அவர் மண்ணையும் கொடியையும் கூலியையும் குறித்துக்கொண்டே சென்றார். பர்கண்டியில், செம்மது விளையும் பொமார், வொல்னே ஊர்களின் தொழிலாளர் நல்ல கோதுமை ரொட்டி உண்பதைக் கண்டார். அடுத்திருந்த மெர்சோவில் வெண்மது விளைந்தது. அங்குள்ளோர் உண்டதோ மலிந்த ரை தானிய ரொட்டி. காரணம் வினவினார். வெண்மது அடிக்கடி தரம் கெட்டு விற்பனையாகாமல் தேங்குவதால், தொழிலாளர்க்கு நல்லுணவு தர இயல்வதில்லை என்று விடை கிடைத்தது. அரசவையில் பழகிய தூதர் ஒருவர் தொழிலாளியின் கையிலிருந்த ரொட்டியை உற்றுநோக்கியது நம் வியப்புக்குரியது.

அவ்வாண்டு மே மாதம் போர்தோவை அடைந்தார். அங்கு மார்கோ, லத்தூர், ஓ பிரியோன், லபித் என்னும் நான்கு தோட்டங்களின் செம்மதுவே முதற்றரம் என்று குறித்தார். 1855இல் நிகழ்ந்த புகழ்பெற்ற தரப்படுத்தலில் முதல் வரிசை பெற்றவையும் இந்நான்கே. வணிகரின் கலப்படத்துக்கு அஞ்சி, தோட்டத்திலேயே புட்டியில் அடைத்து அனுப்புமாறு உரிமையாளரிடமே நேரிற் கேட்டு வாங்கலானார்.

பிரெஞ்சு மதுவுக்கு இணையானதைத் தம் மண்ணிலும் ஆக்கலாம் என்பது அவர்தம் நெடுங்கனவு. 1773இல் வந்த மாட்செய் என்னும் இத்தாலியர்க்கு மொண்டிசெல்லோவை அடுத்து நிலம் அளித்தார். அடுத்த ஆண்டே உறைபனி கொடிகளைக் கருக்கியது. 1807இல் ஐரோப்பியக் கொடிகள் 287ஐத் தாமே நடுவித்தார், அவையும் நிலைக்கவில்லை. அமெரிக்க மண்ணிலுள்ள பில்லோக்செரா என்னும் நுண்பூச்சி ஐரோப்பிய வேரை அரிக்கும் என்பது அவர் காலத்தில் எவர்க்கும் தெரியாது. பின்னர் அப்பூச்சி கடல் கடந்து பிரான்சின் தோட்டங்களையே அழித்தது. 1868இல் பிளான்ஷோன் முதலிய அறிஞர் அதனைக் கண்டுபிடித்தனர். அடுத்த ஆண்டில் நம் இலங்கையின் கோப்பியை இலைத்துரு நோய் பற்றியதையும் இங்கு நினைக்கலாம். கோப்பி மீளவில்லை, பிரெஞ்சுக் கொடி, அமெரிக்க வேரில் ஒட்டப்பட்டு மீண்டது. இறப்பர் ஒட்டுக்கன்று கண்டவர்க்கு இம்முறையை விளக்க வேண்டுவதில்லை.

இதற்கு நெடுநாள் முன்பே ஜெபர்சன் தம் மேசையில் ஒரு சோதனை நடத்தினார். மேரிலாந்தைச் சேர்ந்த ஜோன் அட்லம், அலெக்சாண்டர் என்னும் உள்நாட்டுத் திராட்சையில் ஆக்கிய செம்மது ஒரு புட்டி அனுப்பியிருந்தார். அதனை, ஆக்கியவரிடமே நேரில் வரவழைத்த ஷம்பெர்த்தான் மதுவோடு வைத்து, அமெரிக்க மது எதுவெனக் காட்டுமாறு விருந்தினரைக் கேட்டார். எவராலும் வேறுபாடு காண இயலவில்லை என்று 1809இல் அட்லமுக்கு எழுதினார். வீட்டுக்காரரின் விருப்பம் விருந்தினர் நாவைச் சற்று வளைத்திருக்கவும் கூடும். அமெரிக்கக் காட்டுத் திராட்சைக்கு ஒரு கடுநெடி உண்டு. பர்கண்டியின் மென்மை அதற்கு எளிதில் வாய்ப்பதன்று. அலெக்சாண்டரோ தூய உள்நாட்டினமுமன்று. ஐரோப்பியக் கொடியின் கலப்பால் தானே தோன்றியது என்பர். 1976 மே 24இல் பாரிசில் பெயர் மறைத்து நடந்த சுவைப் போட்டியில், பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியச் செம்மது ஒன்றுக்கு முதலிடம் அளித்தனர். அதுவும் கபெர்னே சோவின்யோன் என்னும் பிரெஞ்சு இனத்தின் விளைவே.

மலிந்த திராட்சை மது பெருகினால் விஸ்கியின் கொடுமை குறையும் என்று ஜெபர்சன் வாதித்து, மதுவின் மீதான வரியைக் குறைக்குமாறு வேண்டினார். சாராயத்தால் நொந்த குடும்பங்களைக் கண்ட நம்மவர்க்கு அவ்வாதம் எளிதில் உடன்பாடாகாது.

ரொட்டியை உற்றுநோக்கிய அக்கண், தம் மலைமேல் உழைத்தவர்பால் அவ்வாறு திரும்பவில்லை. தம் வாழ்நாளில் அறுநூற்றுக்கும் மேற்பட்டோரை அவர் அடிமைகளாக உடைமை கொண்டிருந்தார். மொண்டிசெல்லோவின் உணவறையில், கணப்படுப்பின் இருபுறமும் நிலவறையிலிருந்து மதுப்புட்டிகளை மேலேற்றும் சிறு பொறிகள் இருந்தன. கீழே நின்று புட்டியை வைத்தவரை விருந்தினர் காணார். 1826 ஜூலை 4இல் ஜெபர்சன் இறந்தபோது, கடன் ஓர் இலட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. உயிலில் ஐவர்க்கு மட்டும் விடுதலை எழுதியிருந்தார்; வீட்டுப் பொறுப்பாளர் பர்வெல் கோல்பர்ட் அவருள் ஒருவர். 1827 ஜனவரியில், வீட்டுப் பொருள்களோடு 130 அடிமைகளும் அம்மலைமேலேயே ஏலத்துக்கு நிறுத்தப்பட்டனர்.