டேவிட் ஹியூம்

சமயவாதம் புரியப் புகுவார் எதிரியின் படைக்கலத்தை அறிதல் போலவே, தம் கையில் எடுக்கும் படைக்கலத்தின் இருபுறக் கூர்மையையும் அறிதல் வேண்டும். கிறிஸ்தவ நியாயவாதிகளை மறுத்தற்கு ஹியூம் என்னும் தத்துவஞானியைத் துணைக்கொள்ள விரும்புவார், அவர் சரித்திரத்தை முற்றக் கற்றல் நன்று.

ஹியூம் 1711 ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்து தேசத்து எடின்பரோ நகரிற் பிறந்தார். இளமையிலே தந்தையை இழந்து தாயாரால் வளர்க்கப்பட்டார். அவர் பிறப்பதற்குப் பதினான்கு ஆண்டுகளின் முன், 1697 இல், அந்நகரிலே தோமஸ் எய்க்கன்ஹெட் என்னும் இளமாணாக்கர் தெய்வநிந்தை செய்தாரென்று தூக்கிலிடப்பட்டார். எத்தகைய நாட்டிலே நின்று ஹியூம் எழுதினாரென்பது இதனாற் பெறப்படும்.

உறவினர் அவரைச் சட்டம் கற்பிக்க விரும்பினர். அவர் மனமோ தத்துவத்திலே சென்றது. இருபத்துமூன்று வயதளவிற் பிரான்சு தேசஞ் சென்று, லா பிளேஷ் என்னும் ஊரிலே தங்கித் தம் முதனூலை எழுதினார். அங்கே யேசு சபைக் குரு ஒருவர் தம் மடத்திலே நிகழ்ந்ததாக ஓர் அற்புதத்தைக் கூற, ஹியூம் அதனை மறுத்து ஒரு நியாயங் காட்டினார். அந்நியாயத்தைக் கொள்ளின் சுவிசேஷ அற்புதங்களும் உடன் அழியுமாதலின் அது கொள்ளத்தகாதென்றார் குரு. ஹியூமின் புகழ்பெற்ற வாதம் பிறந்தது இவ்வுரையாடலிலேயாம்.

1739 இலும் 1740 இலும் வெளிவந்த முதனூலிலே அப்பகுதியை அவர் சேர்த்திலர். 1748 இல் வேறொரு நூலிலேயே வெளியிட்டார். அவ்வாதத்தின் சுருக்கம் வருமாறு: அறிவுடையோன் சான்றின் வலிமைக்கேற்பவே நம்புவான். இயற்கை நியதி எண்ணிறந்தோர் அனுபவத்தால் நிலைபெற்றது. அற்புதமோ அந்நியதிக்கு மாறாயது. ஆதலின், சான்று கூறினோர் மயங்கினர் அல்லது பொய்த்தனர் என்பது அவ்வற்புதத்தினும் நம்புதற்கு அரியதாயினன்றி, அச்சான்று கொள்ளப்படாது. அன்றியும், மாறுபட்ட சமயங்கள் யாவும் தத்தம் அற்புதங்களைக் காட்டுதலின், ஒன்றன் சான்று மற்றதன் சான்றை மெலிவிக்கும்.

இக்கொள்கைகளால் அவர் இழந்தவை பல. எடின்பரோச் சர்வகலாசாலை 1745 இல் அவருக்கு ஆசிரியபதவி மறுத்தது. பின்னர்க் கிளாஸ்கோவிலும் அவ்வாறே முடிந்தது. 1755, 1756 ஆம் ஆண்டுகளிலே திருச்சபைப் பேரவையிற் சிலர் அவரைக் கண்டிக்க முயன்றனர். அம்முயற்சியைத் தடுத்தவருள்ளே அவர் நண்பராகிய குருமாரும் இருந்தனர். ஜோர்ஜ் காம்பெல் என்னும் குரு 1762 இல் அவரது அற்புதவாதத்தை மறுத்து நூல் செய்தபோது, ஹியூம் சினந்திலர். அவர் காட்டிய மரியாதைக்கு நன்றி கூறிக் கடிதம் வரைந்தார்.

உலகின் ஒழுங்கைக் கண்டு கருத்தாவை அனுமானிக்கும் வாதத்தை மூவர் உரையாடலாக ஆராய்ந்த நூலை, உயிரோடிருக்கும்வரை அவர் வெளியிடவில்லை. அது 1779 இல் வெளிவந்தது. வீட்டைக் கண்டு கொற்றனை அறிதும். உலகோ வீடு போல்வதா, வளரும் மரம் போல்வதா? கருத்தா ஒருவனா, பலரா? துன்பம் மலிந்த உலகைக் கொண்டு அவன் நற்குணத்தை நாட்டலாமா? இவ்வினாக்கள் அதனுள் எழுப்பப்படுகின்றன. இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1802 இல், பேலி என்பார் கடிகார உவமையால் அதே அனுமானத்தை மீள நாட்டினார். மிஷன் பாடசாலையிற் கற்ற யாம் கடிகாரத்தைக் கேட்டோம். அதற்கு முன்னரே பிறந்த ஐயங்களை அங்கு ஒருவரும் எமக்குச் சொல்லிற்றிலர்.

1776 இல் அவர் நோயுற்றுக் கிடந்தபோது, மரணபயத்தால் மனம் மாறினாரோ என அறிய பொஸ்வெல் என்பார் சென்றார். ஹியூம் அமைதியாயிருந்தார், கலங்கியவர் பொஸ்வெல்லே. அவ்வாண்டு ஆகஸ்டு 25 இல் ஹியூம் இறந்தார்.

அவரிடத்துக் குற்றமும் உண்டு. கறுப்பின மக்களை இயல்பிலே தாழ்ந்தோரென அடிக்குறிப்பொன்றில் எழுதினார். சான்றை நிறுத்துப் பார்க்கக் கற்பித்தவர், அங்கே நிறுத்துப் பாராது விட்டனர். தாம் விரும்பிய முடிபு வருமிடத்துத் துலாக்கோலைக் கைவிடுதல் கற்றோர்க்கும் உரிய குற்றமே.

உபாத்தியாயர்களே, இவற்றால் நாம் அறியத்தக்கது யாது? ஹியூமின் வாளாலே பிறர் அற்புதங்களை வெட்டுவோம், பெரியபுராணத்து அற்புதங்களுக்கு அது படாதென்போம் எனின், லா பிளேஷ் குருவின் இடத்திலே நாமும் நிற்போம். குடத்துக்குக் குயவன் போல உலகுக்கு இறைவன் நிமித்தகாரணன் என்னும் நம் அனுமானமும், குடமும் உலகும் ஒப்பாமோ என்னும் வினாவுக்கு விடையிறுத்தல் வேண்டும். மாயையும் கன்மமும் அநாதியெனக் கொள்ளும் சித்தாந்தத்துக்குச் சொல்லத்தக்க விடை உண்டு. துன்பம் எங்ஙனம் வந்ததென்னும் வினாவிலே அது பெரிதும் உதவும். ஆயினும் அதனை ஆராய்ந்து சொல்லல் வேண்டுமேயன்றி, கேட்ட மாணாக்கனை அதட்டி அமர்த்தலாகாது. காட்சியும் கருதலும் உரையும் என அளவைகளை முன்வைத்தே பொருளை ஆராயும் மரபு நம்முடையது. அம்மரபினர் வினாவுக்கு அஞ்சுதல் தகாது.