சில விநாடி பலத்தைக் கண்டறிந்தவர்: சார்லஸ் கெட்டரிங்

இளையோரே, காரில் ஏறிச் சாவியைத் திருகுகிறோம். மோட்டார் சைக்கிளில் கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்துகிறோம். இரண்டு விநாடியில் இயந்திரம் ஓடத் தொடங்குகிறது. அந்த இரண்டு விநாடிக்குப் பின்னால் ஒரு மனிதரின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது. அவர்தான் சார்லஸ் பிராங்க்ளின் கெட்டரிங். பழைய மோட்டார் சைக்கிள்களைப் பழுது பார்ப்பது என் பொழுதுபோக்கு. பேட்டரி, ஸ்டார்ட்டர் என்று எதைத் தொட்டாலும் இவருடைய பெயர் எனக்கு நினைவுக்கு வரும். அவருடைய வாழ்க்கையில் போற்ற வேண்டியதும் உண்டு. எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு. இரண்டையும் சொல்கிறேன்.

கண் வலியோடு கற்ற கல்வி

கெட்டரிங் 29 ஆகஸ்ட் 1876 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், லவுடன்வில் என்ற சிற்றூருக்கு அருகில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலிருந்தே அவருக்குக் கண்பார்வைக் கோளாறு இருந்தது. சற்று நேரம் படித்தாலே கண்ணும் தலையும் வலிக்கத் தொடங்கிவிடும். இடைநிலைப்பள்ளியை முடித்ததும் கிராமப் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். பிறகு ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கேயும் கண் அவரை விடவில்லை. படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தொலைபேசிக் கம்பி இழுக்கும் குழுவில் வேலைக்குச் சேர்ந்தார். குழி தோண்டினார்; கம்பம் நட்டார்; வெகு சீக்கிரம் அந்தக் குழுவுக்கே மேற்பார்வையாளர் ஆனார். புத்தகத்தில் படிக்க முடியாத மின்சாரத்தை அங்கே கையால் தொட்டுக் கற்றார். உடல் தேறிய பிறகு பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். அறைத்தோழர்கள் பாடங்களை வாசிக்க, அவர் காதால் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்டார். 1904இல் மின் பொறியியலில் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 27. உடன் படித்தவர்களில் பலர் அவரைவிட இளையவர்கள். தாமதமாகிவிட்டதே என்று கலங்கும் மாணவர்கள் இந்த வயதைக் குறித்துக்கொள்ளலாம்.

கல்லாப் பெட்டி கற்றுத் தந்த பாடம்

பட்டம் பெற்றதும் டேட்டன் நகரில் இருந்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். கடைகளில் பணம் வாங்கிப் போடும் கணக்குப் பெட்டிகளைச் செய்த நிறுவனம் அது. அந்தப் பெட்டியைத் திறக்கக் கடைக்காரர் ஒவ்வொரு முறையும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அதை மின்சாரத்தால் சுற்ற வைக்கும் பொறுப்பு கெட்டரிங்கிடம் வந்தது.

அவ்வளவு சிறிய பெட்டிக்குள் போதிய பலமுள்ள மோட்டாரை எப்படி வைப்பது? இங்கேதான் கெட்டரிங் வேறு விதமாகக் கணக்குப் போட்டார். மோட்டார் நாள் முழுவதும் ஓடப் போவதில்லை. ஒரு விநாடி சுற்றும், பிறகு ஓய்வெடுக்கும். மோட்டாரைக் கெடுப்பது வெப்பம். வெப்பம் ஏற நேரம் வேண்டும். ஆகவே சிறிய மோட்டாரிடம் அதன் சக்திக்கு மீறிய வேலையைச் சில கணம் வாங்கலாம், அது தாங்கும். எவ்வளவு பலம் வேண்டும் என்று எல்லாரும் கேட்டார்கள். எவ்வளவு நேரத்துக்கு வேண்டும் என்பதையும் சேர்த்துக் கேட்டவர் அவர்.

கையை முறித்த ஹேண்டல்

அந்தக் காலத்தில் காரைக் கிளப்ப முன்பக்கம் ஹேண்டல் போட்டுச் சுற்ற வேண்டும். நம் ஊரில் பழைய லோரிகளை அப்படிக் கிளப்பியதைத் தாத்தாக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தீப்பொறி சற்று முந்திவிட்டால் இயந்திரம் எதிர்ப்பக்கமாக உதைக்கும். பலருக்குக் கை முறிந்தது, தாடை உடைந்தது, உயிருக்கே ஆபத்து வந்ததும் உண்டு. உடல் பலம் குறைந்தவர்களும் முதியவர்களும் தனியாகக் கார் ஓட்டத் தயங்கியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1909இல் கெட்டரிங், நண்பர் எட்வர்ட் டீட்ஸுடன் சேர்ந்து டெல்கோ நிறுவனத்தைத் தொடங்கினார். டீட்ஸின் வீட்டுக்குப் பின்னால் இருந்த களஞ்சியக் கொட்டகைதான் அவர்களின் முதல் பட்டறை. முதலில் கார்களுக்கான புதிய தீப்பொறி அமைப்பைச் செய்து காடிலாக் நிறுவனத்துக்கு விற்றார்கள். அதன் தலைவர் ஹென்றி லேலண்ட் அடுத்து, ஹேண்டல் இல்லாமல் கிளம்பும் கார் வேண்டும் என்று கேட்டார்.

அழுத்திய காற்று, சுருள்வில், எரிவாயு என்று மற்றவர்கள் பலவற்றைச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். மின்மோட்டார் என்றால் அது கார் இயந்திரத்தின் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும் என்று எண்ணியவர்களும் இருந்தார்கள். கெட்டரிங் கல்லாப் பெட்டியின் கணக்கை மறுபடி போட்டார். சில விநாடி மட்டும் உழைக்கும் சிறிய மோட்டார். அதன் பலத்தைப் பெருக்கப் பல்சக்கரங்கள். மின்சாரம் தர பேட்டரி.

இதோடு அவர் நிற்கவில்லை. பேட்டரி தீர்ந்துபோனால் மறுபடி நிரப்புவது யார்? இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அதே மோட்டார் டைனமோவாக மாறி பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பித் தரும்படி அமைத்தார். கிளப்பும்போது பேட்டரிகள் தொடரிணைப்பில் 24 வோல்ட் தந்தன. ஓடும்போது பக்க இணைப்புக்கு மாறி 6 வோல்ட்டில் சார்ஜ் ஆயின. விளக்குக்கும் தீப்பொறிக்கும் அங்கிருந்தே மின்சாரம் போனது. 1911இல் செய்து காட்டப்பட்ட இந்த அமைப்பு 1912ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் வந்தது. சில ஆண்டுகளில் மற்ற நிறுவனங்களும் பின்பற்றின.

மோட்டார் சைக்கிளுக்கு ஏன் தாமதம்?

காருக்கு வந்தது மோட்டார் சைக்கிளுக்கு உடனே வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. 1914இல் அமெரிக்காவின் இந்தியன் நிறுவனம் ஹெண்டி ஸ்பெஷல் என்ற மோட்டார் சைக்கிளை மின்ஸ்டார்ட்டரோடு வெளியிட்டது. ஆனால் அக்கால பேட்டரிகள் அந்த வேலைக்கு ஈடுகொடுக்கவில்லை. முயற்சி சீக்கிரமே கைவிடப்பட்டது. ஹார்லி டேவிட்சனின் பெரிய பயண மோட்டார் சைக்கிளில் மின்ஸ்டார்ட்டர் இடம்பெற்றது 1965இல்தான். அதற்காக அவ்வண்டி 12 வோல்ட்டுக்கு மாறியது. பெரிய பேட்டரியும் சேர்ந்தது. ஸ்டார்ட்டர் தனிப் பொருள் அன்று. பேட்டரி, கேபிள், மோட்டார், சார்ஜ் செய்யும் கருவி எல்லாம் சேர்ந்த ஒரு வட்டம் அது. வட்டத்தில் ஓரிடம் பலவீனமானால் மற்ற இடங்களின் பலம் வீண்.

இதை நான் என் மோட்டார் சைக்கிளிலேயே சோதித்துப் பார்த்தேன். 1980களில் செய்யப்பட்ட 1000 சிசி, இரட்டைச் சிலிண்டர் பயண வண்டி அது. நெடுஞ்சாலையில் வெகுதூரம் ஓடி, ஓய்விடத்தில் நிறுத்தித் தேநீர் குடித்துவிட்டு வந்து பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றும். பேட்டரிக்கு ஐந்து வயது ஆகியிருந்தது. பெரிய பேட்டரியாகப் பார்த்துப் போடு என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் முதலில் மல்ட்டிமீட்டரை எடுத்தேன்.

ஓய்வில் பேட்டரி 12.7 வோல்ட் காட்டியது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி முனையில் 10.8 வோல்ட். ஸ்டார்ட்டரின் முனையிலோ 9.3 வோல்ட்தான். நடுவில் 1.5 வோல்ட் எங்கே போனது? இயற்பியல் பாடத்தில் ஓம் விதி படித்திருப்பீர்கள். 150 ஆம்பியர் ஓடும்போது 0.01 ஓம் தடை இருந்தால் போதும், 1.5 வோல்ட் வழியிலேயே வெப்பமாகிவிடும். முப்பது ஆண்டு மழையும் வெயிலும் பார்த்த கேபிள்களும் துரு ஏறிய இணைப்புகளும் அந்தத் தடையைத் தந்தன. எவ்வளவு பெரிய பேட்டரி போட்டாலும் அந்த இழப்பு தீராது. ஆகவே முதலில் தடித்த புதிய கேபிள்களை மாற்றினேன்.

அடுத்தது ஸ்டார்ட்டர். பழையது நேரடியாகச் சுற்றும் கனமான மோட்டார். அதற்குப் பதிலாக, நிலைக்காந்தமும் உள்ளே கியரும் கொண்ட புதிய வகையைத் தேர்ந்தெடுத்தேன். சிறிய மோட்டார் வேகமாகச் சுழலும். கியர் அதன் விசையைப் பெருக்கும். பேட்டரியிடம் கேட்கும் மின்னோட்டமும் குறையும். கெட்டரிங்கின் பழைய கணக்கேதான் இது.

கடைசியாக பேட்டரி. அதன் மேல் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஆம்பியர் மணி என்பது அது எவ்வளவு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் என்பதைச் சொல்லும். சிசிஏ என்பது குளிரிலும் ஒரே மூச்சில் எவ்வளவு தர முடியும் என்பதைச் சொல்லும். ஸ்டார்ட்டருக்கு வேண்டியது இரண்டாவது. லித்தியம் பேட்டரி மிகவும் இலேசானது. ஒரே மூச்சில் நிறையத் தரும். ஆனால் சார்ஜ் வோல்ட் அளவு மீறினால் கெட்டுவிடும். சிலவற்றில் அச்சிட்ட ஆம்பியர் மணி, ஈய பேட்டரிக்கு நிகரான அளவே தவிர உண்மைக் கொள்ளளவு அன்று. என் வண்டியின் பழைய ரெகுலேட்டரையும், விளக்கைப் போட்டபடி நிறுத்தும் சாலையோர இரவுகளையும் எண்ணிப் பார்த்தேன். அமிலம் கண்ணாடியிழைப் பஞ்சில் ஊறியிருக்கும் ஏஜிஎம் வகையை, பழைய அளவிலேயே வாங்கினேன். இப்போது சூட்டிலும் தயங்காமல் கிளம்புகிறது.

கணக்கில் விடுபட்ட ஈயம்

கெட்டரிங்கின் கதைக்குத் திரும்புவோம். டெல்கோ கைமாறி ஜெனரல் மோட்டார்ஸின் பகுதியானது. 1920 முதல் 1947 வரை அந்நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவை அவர் நடத்தினார். அவர் பெயரில் 180க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் உண்டு. ரயில் வண்டிகளுக்கான டீசல் இயந்திரம் வளர்ந்ததில் அவருடைய பங்கு பெரிது. தோல்வியும் கண்டார். நீருக்குப் பதில் செப்புத் தகடுகளால் குளிரூட்டும் இயந்திரத்தை அவர் பெரிதும் நம்பினார். 1923இல் அதைக் கொண்ட கார்களை நிறுவனம் திரும்பப் பெற வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய பிழை வெற்றி போலத் தோன்றியது. அவருடைய ஆய்வகத்தில் வேலை செய்த தாமஸ் மிட்ஜ்லி, ஈயம் கலந்த ஒரு சேர்மத்தைப் பெட்ரோலில் சிறிதளவு சேர்த்தால் இயந்திரத்தின் தட்டல் ஓசை நின்றுவிடுவதை 1921இல் கண்டுபிடித்தார். ஈயம் நஞ்சு என்பது அப்போதே தெரிந்த செய்தி. 1924இல் அந்தச் சேர்மத்தைத் தயாரித்த இடங்களில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அதே ஆண்டு அதை விற்க எத்தில் நிறுவனம் அமைந்தபோது அதன் தலைவராக இருந்தவர் கெட்டரிங். விற்பனை தொடர்ந்தது. உலகெங்கும் பல தலைமுறைக் குழந்தைகள் அந்த ஈயத்தைச் சுவாசித்தார்கள். கார்களுக்கான ஈயப் பெட்ரோல் விற்பனையை அல்ஜீரியா கடைசி நாடாக நிறுத்தியது 2021இல்தான்.

நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது இதைத்தான். ஸ்டார்ட்டரைச் செய்தபோது அவர் வட்டம் முழுவதையும் பார்த்தார். பேட்டரியிலிருந்து போகும் மின்சாரம் எப்படித் திரும்பி வரும் என்று கேட்டார். பெட்ரோலில் ஈயத்தைச் சேர்த்தபோது, அந்த ஈயம் புகைக்குழாயிலிருந்து வெளியேறிய பின் எங்கே போகும் என்ற கேள்வி கணக்கில் உரிய இடம் பெறவில்லை. ஒரே மனிதர், ஒரே அறிவு. கேட்ட கேள்வி மட்டும் வேறு.

முதுமையில் அவர் தம் செல்வத்தை மருத்துவ ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் கொடுத்தார். 1945இல் நியூயார்க்கில் தொடங்கிய புற்றுநோய் ஆய்வுக் கழகம் ஆல்பிரட் ஸ்லோன் பெயரோடு அவர் பெயரையும் தாங்கியது. 25 நவம்பர் 1958 அன்று, 82ஆம் வயதில் டேட்டனில் காலமானார்.

பொறியியல் படிக்க நினைக்கும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். எதைச் செய்தாலும் அது எப்படித் தொடங்கும் என்பதோடு, முடிந்த பிறகு எங்கே போகும் என்பதையும் கேளுங்கள். பேட்டரியில் உள்ள ஈயம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பழசானால் சேகரித்து உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். அதனால் வீட்டில் பழைய கார், மோட்டார் சைக்கிள் பேட்டரி கிடந்தால் குப்பையில் போட விடாதீர்கள். அப்பாவிடம் சொல்லிப் பேட்டரிக் கடையில் திருப்பிக் கொடுங்கள். எடைக்குக் காசும் கிடைக்கும்.