கோவூர் ஐந்து கீர்த்தனைகள்

இசைத்தட்டும் ஒலிநாடாவும் தோன்றுமுன்பே, ஒருசேரக் கேட்டற்குரிய பாடல் தொகுதிகளை ஆக்கித் தந்தவர் தியாகராஜ சுவாமிகள். 1767இல் திருவாரூரில் பிறந்த அவர், திருவையாற்றில் வாழ்ந்து, 1847இல் ஆங்கே மறைந்தார். தஞ்சை மன்னரின் அழைப்பை அவர் ஏற்காத செய்தியைப் பலரும் அறிவர். நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நிகழ்ந்ததை அறிந்தோர் சிலரே.

சென்னைக்கு வந்திருந்த அவரைச் செல்வர் சுந்தரேச முதலியார், போரூரை அடுத்த கோவூருக்கு அழைத்துச் சென்றார். தம்மீது ஒரு பாடல் பாடவேண்டுமென முதலியார் விரும்பினார் என்பர். மனிதரைப் பாட அவர் நா இசையவில்லை. மாறாக, அவ்வூர்ச் சுந்தரேசுவரர்மீது ஐந்து கீர்த்தனைகளைப் பாடினார். பெரும்பாலும் இராமனையே பாடிய வாய் சிவனைப் பாடிற்று! முதலியாரின் பெயரும் இறைவன் பெயரும் ஒன்றாயிருந்ததை நாம் சுவைத்து நோக்கலாம். புறப்படுகையில் அவரறியாமல் பல்லக்கில் பொன் வைக்கப்பட்டதாகவும் ஒரு வழக்குண்டு.

சகானா, கரகரப்பிரியா, பந்துவராளி, கல்யாணி, சங்கராபரணம் என ஐந்து ராகங்கள். கச்சேரிகளில் இவற்றுள் ஒன்றையே பிரித்துப் பாடுதல் வழக்கமாயிற்று. நமக்கு அது நிறைவளிப்பதில்லை. மாணவர்கள் ஐந்தையும் ஒரே அமர்வில் கேட்பாராக. பந்துவராளியின் உருக்கத்தை அடுத்துக் கல்யாணி எழுங்கால், அதன் ஒளி வேறாகத் தோன்றும்.