கம்பளம் விற்ற டாக்டர்

1913-ம் ஆண்டில் ஒரு கிரேக்கத் தம்பதி நியூயார்க் நகரில் வந்து இறங்கினார்கள். கணவர் டாக்டர்; ஜெர்மனியில் ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றவர். ஆனால் அமெரிக்காவில் அவரை யாருக்குத் தெரியும்? வயிற்றைக் கழுவ வேண்டுமே! ஒரு பெரிய கடையில் அவர் கம்பளம் விற்றார். அதே கடையில் மனைவி பொத்தான் தைத்தார்.

அந்த டாக்டர்தான் ஜார்ஜ் பாப்பனிகொலாவ். கருப்பை வாயில் புற்றுநோய் முற்றுமுன்பே அதைக் காட்டிக் கொடுக்கும் சோதனையை உலகுக்குத் தந்தவர்.

மனைவியே துணை

பாப்பனிகொலாவ் 1883-ல் கிரீஸ் நாட்டின் கிமி என்ற ஊரில் பிறந்தார். தந்தையும் டாக்டரே. அமெரிக்கா வந்த மறு ஆண்டில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே கினிப்பன்றி என்னும் சிறு பிராணிகளின் பிறப்புறுப்புக் கசிவைக் கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் ஆராய்ந்தார்.

அடுத்துப் பெண்களின் கசிவை ஆராய வேண்டும். மனைவி மேரி முன்வந்தார். பல ஆண்டுகள் அலுக்காமல் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக் கொண்டார். ஆய்வுக்கூடத்தில் உதவியாளரும் அவரே.

பிறகு நோயுற்ற பெண்களின் கசிவைப் பார்த்தபோது, உருக்குலைந்த புற்றுநோய் அணுக்கள் தகட்டிலே தெரிந்தன!

தளராத உள்ளம்

1928-ல் இதை ஒரு மாநாட்டில் வெளியிட்டார். மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. சதையைக் கிள்ளி எடுத்துப் பார்க்கும் வழி இருக்கையில் இது எதற்கு என்று ஒதுக்கினார்கள். அவர் காத்திருந்தார். பெண்நோய் நிபுணர் ஹெர்பர்ட் டிராட்டுடன் சேர்ந்து மீண்டும் ஆராய்ந்து, 1941-ல் கட்டுரையும் 1943-ல் நூலும் வெளியிட்டார். உலகம் விழித்துக் கொண்டது.

அஞ்ச வேண்டாம்

சோதனையில் அணுக்கள் மாறியிருப்பதாக முடிவு வந்ததும் பல பெண்கள் நடுங்கிப் போகிறார்கள். மாறிய அணு எல்லாம் புற்றுநோய் அல்ல. லேசான மாறுதல் பெரும்பாலும் தானே மறைந்துவிடும், மறுசோதனை போதும். கடுமையான மாறுதலானால் அந்த இடத்தை மட்டும் உறைய வைத்து அழிக்கலாம்; மின்கம்பி வளையத்தால் சீவி எடுக்கலாம். மாறிய அணு புற்றுநோயாகப் பொதுவாகப் பல ஆண்டுகள் ஆகும். அதற்குள் தடுத்துவிடலாம்.

பாப்பனிகொலாவ் 1962-ல் மயாமி நகரில் மாரடைப்பால் காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. ஆனால், உரிய காலத்தில் சோதித்துக்கொண்டு உயிர் பிழைத்த பெண்கள் கணக்கில் அடங்கமாட்டார்கள். அதில் மேரியின் பங்கும் உண்டு.