இரட்டைமலை சீனிவாசனாரும் நம் வாக்குரிமையும்

காஞ்சி மாநகருக்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூரின் புகழை அறியாதார் இலர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், அங்கே பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, அவையோர் காணக் குலுக்கி, ஒன்றுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் பிறர் பொருளைக் கவர்ந்தவரும் விலக்கப்பட்டனர். முறைகேட்டுக்கு இடந்தராத ஏற்பாடு என்று இதனை நாம் வகுப்பறையில் பெருமையுடன் கற்பிக்கின்றோம். ஆயினும், கால் வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவர் பெயரையே குடத்திலிடலாம் என்றும் அக்கல்வெட்டே கூறுகின்றது. அஃது அந்தணர் சபையின் தேர்தல். குலுக்கியதில் குற்றமில்லை, குடத்துக்குள் நம் முன்னோர் பெயர்தான் இல்லை.

தேர்தலின் நேர்மை, வாக்குகளை எண்ணும் நாளுக்கு நெடுநாள் முன்னரே, எவர் பெயர் பட்டியலில் ஏறுகின்றது என்னுமிடத்தில் தொடங்கிவிடுகின்றது. இவ்வுண்மையை நன்குணர்ந்து உழைத்த பெருந்தகை, நம் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் மைந்தர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார் ஆவார்.

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் 1859ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 7ஆம் நாள் அவர் தோன்றினார். கோயம்புத்தூரில் பயின்ற காலத்தில், ஊரும் குலமும் கேட்டுவிடுவார்களோ என்றஞ்சி, பிற மாணவரோடு கலவாமல் ஒதுங்கியிருந்ததை 1939இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்தில் அவரே குறித்துள்ளார். அந்த அச்சத்தினூடே கற்ற கல்விதான் பின்னாளில் அவரை அரசவை வரை அழைத்துச் சென்றது. நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றிய பின்னர்ச் சென்னைக்கு வந்து, பறையர் மகாசன சபையை நிறுவினார். இழிசொல்லாக எறியப்பட்ட பெயரையே தலைப்பாகச் சூட்டி, 1893 அக்டோபரில் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கி ஏழாண்டுகள் நடத்தினார்.

அந்நாளில் நம்மவர்க்கு வாக்கு என்பதே இல்லை. எனினும், இந்தியக் குடிமைப் பணித் தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் அதிகாரமெல்லாம் மேற்சாதியார் கையிலேயே சேரும் என்று எதிர்த்து, 1893இல் 3412 பேரின் கையொப்பத்துடன் இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு அவர் விண்ணப்பம் அனுப்பினார். அவர் எடுத்த நிலையைக் குறித்து இன்று கருத்து வேறுபடலாம். ஆனால் எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத மக்களின் பெயர்கள் ஓர் அரசியற் கோரிக்கையின் கீழ் அணிவகுத்து நின்றமை சிறு செயலன்று.

வாக்கு ஏன் நமக்கு எட்டவில்லை என்பதையும் ஈண்டு எண்ணிப் பார்த்தல் வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் நம் மக்களின் நிலமில்லா அவலத்தை அரசுக்கு எழுதினார். அதன் பயனாக 1892இல் பஞ்சமர்க்கு நிலம் வழங்கும் ஆணை பிறந்தது. அந்நிலங்கள் பலவும் பின்னர்க் கைமாறிப் போயின. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் வந்தபோது, நிலவரியும் நகர வரியும் செலுத்துவோர்க்கே பெரும்பாலும் வாக்குரிமை கிடைத்தது. நிலம் இல்லை, ஆகவே வரி இல்லை, ஆகவே வாக்கும் இல்லை. பெட்டியை எவரும் தொடாமலே ஒரு சமுதாயத்தின் வாக்கு முழுவதும் மறைந்த விந்தை இதுவே.

1900ஆம் ஆண்டில் நாட்டைவிட்டுப் புறப்பட்ட சீனிவாசனார் ஆப்பிரிக்க நாடுகளில் ஏறத்தாழ இருபதாண்டுகள் வாழ்ந்து திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினரானார். பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றில் எவரையும் தடுத்தல் கூடாது என்று 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தை ஏற்று அரசு ஆணை பிறப்பித்தது. ஊர்த் தெருவில் நடக்க முடியாதவன் அத்தெருவிலுள்ள வாக்குச்சாவடிக்கு எவ்வாறு செல்வான்? வழியும் வாக்கும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

1930, 1931ஆம் ஆண்டுகளில் இலண்டனில் நிகழ்ந்த வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கரும் இவரும் ஒடுக்கப்பட்டோரின் பேராளர்களாக அமர்ந்தனர். வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வேண்டும். முதற் பத்தாண்டுகளுக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டும். அனைவர்க்கும் வாக்குரிமை வாராத வரையில், எம் விருப்பத்துக்கு மாறாகக் கூட்டுத் தொகுதியை எம்மீது சுமத்துதல் கூடாது. இவை அவ்விருவரும் அளித்த கூட்டு அறிக்கையின் சாரம். பிறர் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படும் நம்மவர் பிறர்க்கே கடமைப்பட்டவராவர் என்பது அவர்கள் கொண்ட கவலை.

1932 ஆகஸ்டில் வெளியான வகுப்புவாரித் தீர்ப்பு தனித் தொகுதியுடன் 71 இடங்களை வழங்கியது. காந்தியடிகளின் உண்ணாநோன்பையடுத்துச் செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் உருவாயிற்று. அதில் சீனிவாசனாரும் கையொப்பமிட்டார். இடங்கள் 148 ஆக உயர்ந்தன. சென்னை மாகாணத்துக்கு 30 கிடைத்தன. தனித் தொகுதி போயிற்று. ஒவ்வோர் இடத்துக்கும் நம் வாக்காளர் மட்டும் முதலில் நால்வரைத் தெரிந்தெடுக்க, அந்நால்வருள் ஒருவரை அனைவரும் சேர்ந்து தேர்வது என்னும் இடைவழி ஏற்பட்டது. அம்முதனிலைத் தேர்தலும் குடியரசு அரசமைப்பில் இடம்பெறவில்லை.

சீனிவாசனார் 1945 செப்டம்பர் 18ஆம் நாள் மறைந்தார். வாழ்நாளில் அவர் மக்கள் வாக்கைப் பெற்று அவைக்குச் சென்றவரல்லர், நியமனத்தாலேயே சென்றார். அங்கே அமர்ந்துகொண்டு, தமக்குப் பின் வருவோர் நியமனத்தால் அன்றி வாக்கால் வரவேண்டும் என்று போராடினார். அனைவரும் வாக்களித்த 1951–52 முதற் பொதுத்தேர்தலைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவர் கொண்ட கவலை அவரோடு மறைந்துவிட்டதா? மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி தனி ஊராட்சியாக்கப்பட்டபோது வாக்குப் பெட்டிகள் பறிக்கப்பட்டன. இறுதியில் வென்ற தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 சூன் 30ஆம் நாள் வெட்டிக் கொல்லப்பட்டனர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி முதலிய ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தலைவர் பதவி நிலைபெற இயலவில்லை. வேட்புமனு இராது, இருந்தால், வென்றவர் உடனே விலகுவார். இவையும் தேர்தல் முறைகேடுகளே.

தேர்தற் பணியில் பன்முறை வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக அமர்ந்தவன் யான். ஒருமுறை குடியிருப்பிலிருந்து வந்த மூதாட்டி ஒருவர் அடையாள அட்டையை நீட்டினார். பதிவேட்டில் அவர் வாக்கு முன்னரே பதிவாகியிருந்தது. விதிப்படி அவருக்குத் தாள் வாக்குச்சீட்டு அளித்து, அவர் குறியிட்டதை உறையிலிட்டேன். இஃது எண்ணப்படுமா என்று அவர் வினவினார். நீதிமன்றம் கேட்டாலன்றி அவ்வுறை பிரிக்கப்படாது என்பதைச் சொல்ல என் நாவெழவில்லை. அன்று சாவடியில் அவர் சார்பில் வினா எழுப்ப நம்மவர் ஒருவரும் முகவராக அமர்ந்திருக்கவில்லை.

நெசவறிந்த நம் ஊரார்க்கு இது எளிதில் விளங்கும். பாவு ஓட்டும்போது விடுபட்ட இழையைச் சேலை நெய்து முடித்தபின் சேர்க்க இயலாது. சட்டத்தால் செய்யவேண்டிய சீர்திருத்தங்கள் பல உள. வரைவு வாக்காளர் பட்டியலை நம் குடியிருப்பிலும் கூட்டங்கூட்டிப் படித்துக் காட்டுதல் வேண்டும். மாற்று வாக்குக்கு உள்ளான சாவடிகளைத் தானே ஆராயும் முறை வேண்டும். தனி ஊராட்சித் தலைவர்க்கு உண்மையான பாதுகாப்பு வேண்டும். ஆனால் நாமே செய்யத்தக்கனவும் உள. 2022 முதல் ஆண்டுக்கு நான்கு தகுதி நாட்கள் உள்ளன. பதினெட்டு நிறைந்த நம் மாணவர் ஒவ்வொருவரும் படிவம் 6ஐ நிரப்பித் தருதல் வேண்டும். பட்டதாரிகள் வரைவுப் பட்டியலை வீடுவீடாக ஒப்பிட்டு, விடுபட்ட பெயரையும் காரணமின்றி நீக்கப்பட்ட பெயரையும் எழுதி முறையிடுதல் வேண்டும். வாக்குச்சாவடியில் முகவராய் அமரும் துணிவு வேண்டும்.

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கம் இருபத்தைந்தாண்டுகளாக நம் பிள்ளைகளின் பெயர்களைப் பள்ளிப் பதிவேட்டில் ஏற்றிவந்துள்ளது. அப்பெயர்களை வாக்காளர் பட்டியலிலும் ஏற்றிக் காக்கும் பணியை இனிவரும் ஆண்டுகளில் மேற்கொள்ளுமாக. சக மாணவர்க்கு அஞ்சி ஒதுங்கிநின்ற கோழியாளத்துச் சிறுவனுக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றிக்கடன் அதுவே.