சர்நேம் இல்லாதவர் என்ன செய்வது? அன்றே மல்லுக்கட்டிய சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன்

கீழ்பென்னாத்தூரில் உட்கார்ந்து ஆன்லைன் படிவம் நிரப்பினாலும் சரி, சென்னையில் நிரப்பினாலும் சரி, நம்மாட்கள் முழிக்கும் இடம் ஒன்றுதான்: சர்நேம். நம்மிடம் இருப்பது இனிஷியல். அங்கே அப்பா பேரைப் போடுவதா, ஊர்ப் பேரைப் போடுவதா? கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தவர், இந்திய நூலகத் துறையின் தந்தை எனப்படும் ரங்கநாதன்.

யார் இவர்?

1892-ல் சீர்காழியில் பிறந்தவர். இனிஷியலில் 'எஸ்' என்பது ஷியாலி, அதாவது சீர்காழி. 'ஆர்' அப்பா ராமாமிருதம். சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். போன வேகத்திலேயே போரடித்து, பழைய வேலையே போதும் என்று நின்றார்! லண்டனுக்குப் படிக்க அனுப்பினார்கள். அங்கேதான் மனசு மாறியது. 1933-ல் கோலன் பகுப்பு முறை, 1934-ல் நூற்பட்டியல் விதிகள் என்று வரிசையாக எழுதினார்.

அப்போது ஆங்கிலம் புழங்கும் நாடுகளில் பரவலாக இருந்தவை, அமெரிக்க, பிரிட்டிஷ் நூலகச் சங்கங்களின் கமிட்டிகள் கூடி 1908-ல் போட்ட விதிகள். குடும்பப் பேர் முதலில் வரணும் என்பது அவர்கள் ஊர் வழக்கம். அதை அப்படியே பின்பற்றினால் நம்ம எழுத்தாளரை அப்பா பேரிலோ ஊர்ப் பேரிலோ தேடணும். ரங்கநாதன் வழி எளிது: சொந்தப் பேர் முன்னால், இனிஷியல் அடைப்புக்குறிக்குள். அவரே பட்டியலில் 'ரங்கநாதன் (எஸ் ஆர்)' தான்.

1955-ல் ஐந்து பட்டியல் விதித்தொகுப்புகளை ஒப்பிட்டு ஒரு புத்தகமே போட்டார். ஒவ்வொரு விதியையும் பொதுவான நெறிகளை வைத்து உரசிப் பார்த்தார். இத்தனைக்கும் அவருடைய கோலன் முறையும் லேசுப்பட்டதில்லை. அதன் குறியீடுகளைப் பார்த்து மிரண்ட நூலகங்கள் டூயியிடமே தங்கிவிட்டன.

1961-ல் பாரிஸ் மாநாடு, பேரில் எது முதலில் என்பதை எழுத்தாளரின் நாட்டு வழக்கமே முடிவு செய்யட்டும் என்றது. ரங்கநாதன் 1972-ல் மறைந்தார்.

16 வருஷம் கழித்து, எக்ஸ்.500 என்ற டைரக்டரி தரத்தை சர்வதேச கமிட்டிகள் வெளியிட்டன. ரொம்பக் கனமான தரம். அதில் ஒரு ஆளைப் பதிவு செய்ய சர்நேம் கட்டாயம். தாங்க முடியாமல் 1993-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எல்டாப் என்று இளைத்த வடிவம் செய்தார்கள். எதை எதையோ வெட்டியவர்கள், அந்தக் கட்டாயத்தை மட்டும் விட்டுவைத்தார்கள். சர்நேம் இல்லாதவருக்கு, பேரையே ரெண்டு தடவை அடிப்பதோ ஒரு புள்ளி வைப்பதோதான் வழி.